கடற்காகத்தைத் தூக்கிய கை

ஜேடர்பாளையம்,
ஞாயிறு மதியம்.

அன்புள்ள மலருக்கு,

மைதிலி எழுதுகிறேன். நீ, பிரபா அண்ணன், குட்டி தனப்பிரியா மூவரும் நலமா? எல்லாக் கடிதத்திலும் கேட்கிற கேள்விதான். இந்த முறை பதில் தெரிந்தாக வேண்டும் என்பதால் கேட்கிறேன்.

போனில் கூப்பிட்டபோதெல்லாம் அண்ணன்தான் எடுத்தார். "இங்க எல்லாம் நல்லாத்தாம்மா இருக்கோம், விருந்தாளிங்க வந்திருக்காங்க, அப்புறம் பேசுங்க" என்று வைத்துவிட்டார். அதனால் என் தங்கை யுவஸ்ரீயை அனுப்புகிறேன். இங்கே அவளை வீட்டுக்குள் விடவில்லை, கேட்டுக்கு வெளியிலேயே நிற்கச் சொல்லியிருக்கிறேன். ராத்திரி பஸ் ஏறினால் காலைப் படகில் உங்கள் தீவுக்கு வந்துவிடுவாள். உன் கையில் தவிர வேறு யாரிடமும் இதைக் கொடுக்க மாட்டாள்.

உங்கள் வீட்டில் தங்கிய நாட்களைக் குறை சொல்ல எழுதவில்லை மலர். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இவர் பண்ணையை விட்டு வெளியே இரவு தங்கியதே அங்கேதான். அந்தச் சின்ன அறை, ஜன்னலைத் திறந்தால் கடல், உன் நெத்திலிக் குழம்பு. விடியும்போது கழிமுகத்தில் பூநாரைகள் இறங்கியதைப் பார்க்க எனக்குப் பைனாகுலரே தரவில்லை இவர். "ஏம்மா மலரு, இத்தன உருப்படிக்கும் தீவனம் யாரு போடறாங்க?" என்று கேட்டு உன்னைச் சிரிக்க வைத்தாரே.

கோழிப்பண்ணைக்காரர்கள் வீட்டில் நாங்கள் கிளிகூட வளர்ப்பதில்லை. வெளிப் பறவை எதையும் கிட்டே சேர்க்கக் கூடாது. தூரத்தில் நின்று பார்ப்பதுதானே என்று நினைத்தோம்.

கிளம்புகிற அன்று காலை கரையில் அந்தக் கடற்காகம் தலை தொங்கி உட்கார்ந்திருந்தது. வேறு யாராக இருந்தாலும் தாண்டிப் போயிருப்பார்கள். இவரால் முடியாது. துவண்ட பறவையைக் கண்டால் கை தானாகப் போய்விடும். தூக்கி வாயைத் திறந்து பார்த்தார், இரைப்பையை அழுத்திப் பார்த்தார், மூக்கில் ஒழுகியதைக் கட்டைவிரலால் துடைத்தார். தனப்பிரியா இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொள்ள, இவர் அலகில் தண்ணீர் விட்டார். "பட்டினி கெடக்குது சாமி, வேறொண்ணுமில்ல" என்று அவளுக்குச் சமாதானம் சொன்னார். அவள் கையிலேயே அது செத்தது. அப்புறம்தான் தாழம்புதர் ஓரம் இன்னும் சில கிடந்ததைப் பார்த்தேன். யாரோ பாதி மணல் தள்ளி மூடியிருந்தார்கள். "காத்துல அடிபட்டு ஒதுங்கும்டி" என்றாய். நீ என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய். நானும் மேலே கேட்கவில்லை.

புதன்கிழமையிலிருந்து இவருக்குக் காய்ச்சல். கண் சிவந்திருக்கிறது. ஒரு வாக்கியம் பேசி முடிப்பதற்குள் மூச்சு வாங்குகிறது. "வெறும் சளி புள்ள, கடல் காத்து ஒத்துக்கல" என்கிறார். ஆனால் தீவனக் கிடங்கை ஒட்டிய அறையில் தனியாகப் படுத்துக்கொண்டு, தட்டை வாசலில் வைத்துவிட்டுத் தள்ளிப் போகச் சொல்கிறார். வெறும் சளிக்கு நான் ஏன் தள்ளிப் போக வேண்டும்?

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். பறவை ஏதாவது தொட்டீர்களா என்று டாக்டர் கேட்டார். "பண்ணைக்காரனைப் பாத்துக் கேக்கற கேள்விங்களா இது?" என்று இவர் சிரித்தார். டாக்டரும் சிரித்துவிட்டு மாத்திரை எழுதினார். இந்த ஊரில் மட்டும்தான் அந்தப் பதில் செல்லும். காரில் ஏறியதும் என்னிடம் சொன்னார்: "பறவைக் காய்ச்சல்னு நீ வாயத் தொறந்தீன்னா நாளைக்கே ஜேசிபி வந்து கோழியெல்லாம் பொதைக்கக் குழி தோண்டும். நம்ம ஷெட்டோட போகாது புள்ள. சுத்துப்பட்டுல ஒரு கோழி மிஞ்சாது. பெரியசாமி மாமன் மூஞ்சில எப்படி முழிக்கிறது?" மாமன் போன மாதம்தான் பக்கத்துத் தோட்டத்தில் புது ஷெட் போட்டார்.

இன்று காலை பூவாத்தாள் முட்டை எடுக்கப் போனவள் வெறுங்கூடையோடு திரும்பி வந்தாள். "அம்மிணி, மூணாம் ஷெட்டுல கோழிக தண்ணி குடிக்க மாட்டேங்குதுங்க" என்றாள். தீவிலிருந்து வந்த அன்று, மோட்டார் ஓடவில்லை என்று கேட்டதும் போட்ட துணியோடு இவர் ஓடியது அந்த ஷெட்டுக்குத்தான். லாரி டிரைவரைக்கூட மருந்துத் தொட்டியில் கால் நனைக்காமல் உள்ளே விடாதவர்.

முட்டை ஏற்ற வந்த வேலுமணியை ஏதோ சொல்லித் திருப்பி அனுப்பினேன். "ஏனுங்க அம்மிணி, ஞாயித்துக்கெழமைனு கோழிக்கும் லீவு உட்டுட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் சிரித்தார். ஆனால் போகும்போது ஷெட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

ஷெட்டுச் சத்தம் எங்களுக்குப் பழகிப்போனது. காதில் ஏறுவதே இல்லை. இன்று மதியம் கிணற்றடியில் நின்றபோது அதைக் கேட்டேன். குறைந்திருப்பதால்தான் கேட்டதோ என்று தோன்றியதும் உள்ளே வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

நாளைக் காலை இவரைக் கேட்காமல் டாக்டரிடம் போகப் போகிறேன். கடற்காகத்தைப் பற்றியும், எந்த ஊர்க் கரை என்றும் சொல்லிவிடுவேன். பிறகு கால்நடை டாக்டரையும் பார்ப்பேன். இவர் என்னோடு பேசாமல் போகலாம். பேசுவதற்கு இவர் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதன் பிறகு உங்கள் கரைக்கும் ஆட்கள் வருவார்கள். அறைகள் காலியாகிவிடும். உங்கள் சீசனை நான் கெடுத்தேன் என்று அண்ணன் சொல்வார். சொல்லட்டும். ஆனால் வேறு யார் வாய் வழியாகவும் உனக்குத் தெரிய வேண்டாம் என்றுதான் இன்றே எழுதுகிறேன்.

நேற்று அண்ணன் பேசும்போது பின்னால் இருமல் கேட்டது. விருந்தாளி யாராவது இருமியிருக்கலாம். அப்படியே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

மலர், இதைப் படித்து முடித்ததும் என்னைத் திட்டிக்கொள். அதற்கு முன் தனப்பிரியாவைக் கூப்பிட்டு நெற்றியைத் தொட்டுப் பார். சூடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அடுத்த படகிலேயே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ. பறவை தொட்டாளா என்று அங்கே கேட்பார்கள். கேட்காவிட்டாலும் நீயே சொல். யுவஸ்ரீ உங்களோடு வருவாள், அவளைத் திருப்பி அனுப்பிவிடாதே.

குழந்தை நூறு வயது இருக்க வேண்டும்.

உன்
மைதிலி