முகமூடியைக் கழற்றியவளுக்கு

இன்று காலை மழையில் முட்டை வண்டி ஒன்று நம் சந்து முனையில் நின்றது. நனைந்த அட்டைத் தட்டுகளின் வாசம் சன்னல் வழியே வந்ததும், தோசை கருகுவதுகூடத் தெரியாமல் நின்றுவிட்டேன். உன் சட்டையில் எந்நேரமும் இருந்த வாசம் அது. துவைத்தாலும் போகாது.

நாமக்கல்லில் நீ முட்டை வண்டி ஓட்டிக்கொண்டிருந்தாய். நான் கோழித்தீவனக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். உன் வண்டி எங்கள் கடை வாசலில் அடிக்கடி நிற்பதை முதலில் கவனித்தவர் என் முதலாளிதான். "அந்தப் புள்ள கோழியே வளக்கலையே, அதுக்கு எதுக்கும்மா இத்தனை தீவனம்?" என்று கேட்டார். அன்று நான் வெட்கத்தில் சிவந்துபோனதை உன்னிடம் சொன்னபோது, ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தாய்.

நாம் சேர்ந்து வீடு பிடித்த மாதமே, நீ என்னைக் கடத்திவிட்டதாக அப்பா புகார் கொடுத்தார். காவல் நிலையத்தில் நம்மைச் சுவரோரம் நிற்க வைத்தார்கள். "இதுக்குன்னே ஒரு செக்‌ஷன் இருக்குது. முன்னூத்தி எழுபத்தேழு. ரெண்டு பேரையும் உள்ள தள்ளிருவேன்" என்றார் அதிகாரி. நான் அழுதுவிட்டேன். நீ நிமிர்ந்து பார்த்து, "தள்ளுங்க சார். ஒரே ரூமுல தள்ளுங்க" என்றாய். அதற்கு உன் கன்னத்தில் விழுந்த அறை இன்னும் என் காதில் இருக்கிறது.

என்னை அப்பா வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பூட்டி வைத்தார்கள். நீ சும்மா இருக்கவில்லை. நம்மைப் போன்றவர்களுக்காகச் சென்னையில் போராடிக்கொண்டிருந்த ஒரு வக்கீலம்மாவைத் தேடிப் பிடித்தாய். அவர் வழக்குப் போட்டு என்னை வரவழைத்த நீதிமன்றத்தில் நீதிபதி, "யாரோட போக விரும்புறே?" என்று கேட்டார். அப்பாவின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. உன்னைக் கைகாட்டி, "இவங்களோடதானுங்க" என்றேன். என் வாழ்க்கையில் நானே எடுத்த முதல் முடிவு அது.

அடுத்த வருடம் வக்கீலம்மா, நம்மைப் போன்றவர்கள் நடத்தும் சென்னைப் பேரணிக்கு நம்மை அழைத்துப் போனார். நாம் இருவர் மட்டும்தான் இப்படி என்று நினைத்திருந்த நான், அந்தக் கூட்டத்தில் தலைகளை எண்ணிக்கொண்டே நடந்தேன். ஊரில் தெரிந்துவிடும் என்று பலர் முகமூடி போட்டிருந்தார்கள். நாமும்தான். பாதி வழியில் நீ கழற்றிவிட்டாய். "மூச்சு முட்டுது சாமி. மூஞ்சிய மூடிக்கிட்டு, நான் யாருன்னு யாருக்குச் சொல்றது?" அன்று மாலையே டிவியில் உன் முகம். ஊர் திரும்பியதும் உன் வேலை போய்விடும் என்று பயந்தேன். உன் கோழிப்பண்ணைக்காரர், "டிவில வந்தியாமே? லோடு ரெடி, கெளம்பு" என்றதோடு சரி.

அந்த முன்னூற்று எழுபத்தேழு பற்றிய தீர்ப்பு வந்த நாளில் நீ சங்ககிரி ரோட்டில் லோடோடு நின்றாய். நாம் குற்றவாளிகள் இல்லை என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டதை நான்தான் போனில் சொன்னேன். நீ ஹாரனை அழுத்திப் பிடித்தாய். பக்கத்தில் நின்ற லாரிக்காரர், "ஏனுங்க, என்ன விசேஷம்?" என்றார். "எங்களுக்கு விடுதலைங்க!" என்று நீ கத்தியது போனில் கேட்டது. அவருக்கு என்ன புரிந்ததோ, அவரும் ஹாரன் அடித்தார். பின்னால் நின்ற வண்டிகளும் அடித்தன. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கடையில் நின்று அழுதேன்.

அதன்பின் உனக்கு வந்த நோயை மட்டும் நம்மால் ஜெயிக்க முடியவில்லை.

நேற்று, வக்கீலம்மா என்னிடம் அனுப்பிவைத்த தம்மம்பட்டிப் பக்கத்து இரண்டு பெண்களோடு அதே காவல் நிலையத்துக்குப் போனேன். பெற்றவர்களின் புகார்தான் இந்த முறையும். ஆனால் பெண் அதிகாரி அவர்களுக்கு நாற்காலி போடச் சொன்னார். பெற்றவர்களிடம், "ரெண்டு பேரும் மேஜருங்க. இவங்களத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு கோர்ட்டே சொல்லியிருக்குது" என்றார். கல்யாணச் சட்டம் நமக்கு இன்னும் வரவில்லை. அதற்கும் போராடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனாலும் அந்தப் பெண்கள் கைகோத்து வாசலைத் தாண்டி வந்ததை நீ பார்த்திருக்க வேண்டும்.

இப்போது இருவரும் நம் வீட்டில் சாப்பிடுகிறார்கள். சின்னவள் சுவரிலிருக்கும் உன் படத்தைக் காட்டி, "இவங்க யாருங்க்கா?" என்றாள். ஒரு காலத்தில் தோழி என்பேன், தூரத்துச் சொந்தம் என்பேன். இன்று உன் பெயரைச் சொல்லி, "என் ஊட்டுக்காரி" என்றேன். கதவு திறந்துதான் இருந்தது. எதிர்வீட்டுக்கும் கேட்டிருக்கும்.