என்னிடம் சொல்லாமல் கொடுத்த ஓய்வு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்பளவில் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மனசளவில் எப்படி என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனிலேயே பேசலாமே என்று நினைப்பாய். போனில் பேசினால் நீ அழுவாய், நீ அழுதால் நான் பரவாயில்லை விடும்மா என்று சொல்லிவிடுவேன், இந்தத் தடவை அப்படிச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. முதலில் வீட்டுச் செய்தியைச் சொல்லி முடித்துவிடுகிறேன். உன் அறை ஜன்னல் மழையில் ஊதிப்போய் மூட வராமல் இருந்தது, தச்சர் வந்து இழைத்துக் கொடுத்தார். அத்தைக்கு முழங்கால் வலி தேவலை, ஆனால் தேவலை என்று யாரும் சொல்லக் கூடாது, சொன்னால் கோபம் வருகிறது. மாடி வீட்டுக்காரர் ஒரு நாய் வாங்கியிருக்கிறார், அது குரைப்பதே இல்லை, பெருமூச்சுதான் விடுகிறது.

நீ ஏழு மாதத்துக்கு முன்னால் திடீரென்று லீவு கிடைத்தது என்று சொல்லி வந்து மூன்று வாரம் இருந்தாயே, அதைப் பற்றித்தான் எழுத வேண்டும். வந்த நாலாவது நாள் ஒரு சாய்வு நாற்காலியை வாங்கி வந்து பால்கனியில் போட்டாய். என்னை உட்காரவைத்து, "முப்பத்தி நாலு வருஷமா மருந்துக்கடையில நின்னுக்கிட்டே சாப்பிட்டிருக்கீங்கப்பா. போதும். கொஞ்சம் மெதுவா வாழ்ந்து பாருங்க"ன்னு சொன்னாய். பெண் நம்மை இத்தனை தூரம் கவனித்திருக்கிறாளே என்று அன்றைக்கு முழுவதும் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். மறுநாள் கடையில் நெட்டை மாமாவிடம் பயந்து பயந்துதான் பேச்சை எடுத்தேன். இருபத்தாறு வருஷம் கூட்டாக நடத்திய கடை, அவனைத் தனியாக விட்டுவிட்டுப் போகிறோமே, சண்டை பிடிப்பானோ என்று நினைத்தேன். அவன் சண்டை பிடிக்கவில்லை. நான் சொல்லி முடிப்பதற்குள் தலையை ஆட்டினான். வழியனுப்பும் நாளன்று எனக்கு ஒரு கைக்கடிகாரம் கொடுத்தார்கள், ஓய்வு எடுக்கிறவனுக்கு எதற்கய்யா கடிகாரம் என்று நான் ஒரு ஜோக் அடித்தேன், எல்லோரும் அந்த ஜோக்குக்குத் தேவையானதைவிட அதிகமாகச் சிரித்தார்கள். இதையெல்லாம் இப்போது உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஒன்றை மறைக்கக் கூடாது, நீ சொன்ன அந்த மெதுவான வாழ்க்கை எனக்குப் பிடித்துவிட்டது. முதல் இரண்டு வாரம் ஆறு மணிக்கே சட்டை போட்டுக்கொண்டு வாசல்வரை போய்ப் போய்த் திரும்பினேன். அப்புறம் பழகிவிட்டது. செய்தித்தாளை மூக்குக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு கடைசிப் பக்கம்வரை, காணவில்லை அறிவிப்பு உட்பட, படித்தேன். வேலையே இல்லாமல் பஸ்ஸில் ஏறிக் கடைசி நிறுத்தம்வரை போய் அதே பஸ்ஸில் திரும்பினேன், கண்டக்டர் ஒரு மாதிரி பார்த்தார். உன் அம்மாவோடு மேஜையில் உட்கார்ந்து மத்தியானம் சாப்பிட்டேன், அவள் சாப்பிடும்போது தனக்குத்தானே ஏதோ முணுமுணுப்பாள் என்பது கல்யாணமாகி முப்பத்தொரு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. நான் பெற்ற இன்பத்தை ஊருக்கெல்லாம் வாரி வழங்கவும் ஆரம்பித்தேன். முடிவெட்டுகிறவர், தபால்காரர், மாடி வீட்டுக்காரர், யாரைப் பார்த்தாலும் அவசரம் எதுக்குங்க, நிதானமா இருங்க என்று பிரசங்கம். என் தலையைக் கண்டாலே தபால்காரர் சைக்கிளை வேகமாக மிதிக்க ஆரம்பித்துவிட்டார்.

போன மாதம் ஒன்பதாம் தேதி அம்மாவுக்கு மாத்திரை தீர்ந்துவிட்டது. வழக்கமாக நெட்டை மாமாவே வீட்டுக்குக் கொண்டுவந்து தருவான், "நீ எதுக்குடா அலையறே, நான் கொண்டாந்து தர்றேன்"னு சொல்வான், நானும் என்ன ஒரு நட்பு என்று பூரித்துப்போவேன். அன்றைக்கு அவன் வெளியூர் போயிருந்ததால் நானே கடைக்குப் போனேன். என் இடத்தில் இப்போது ஒருவர் இருக்கிறார், ஐம்பது வயதிருக்கும், கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டியிருப்பார், நல்ல மனிதர். மாத்திரையை எடுத்தவர் நேராக என்னிடம் கொடுக்காமல், சீட்டையும் அட்டையையும் கணக்கு எழுதும் அம்மாவிடம் நீட்டினார், அவரும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் என் கைக்கு வந்தது. இது நல்ல வழக்கமாக இருக்கிறதே, எப்போதிலிருந்து என்று கேட்டேன். அவர் வெள்ளையாகச் சொன்னார், "அந்தத் தையல்காரம்மா விழுந்தாங்களே, அதுக்கப்புறம்தான் சார். நான் சேர்ந்தப்பவே முதலாளி இதைத்தான் முதல்ல சொன்னாரு." எந்தத் தையல்காரம்மா என்றேன். கணக்கு எழுதும் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தில் என் பெயர் எழுதியிருந்தது.

மகளே, அன்றைக்கு அந்தக் கடையில், நான் ஆயிரம் பேருக்கு உட்காரச் சொல்லிக் காட்டிய அதே பெஞ்சில் உட்கார்ந்து, நான் செய்த காரியத்தை ஊர் பேர் தெரியாத ஒருவர் வாயால் கேட்டேன். பள்ளிக்கூடத்துக்குப் பின் தெருவில் ரவிக்கை தைக்கும் அம்மாவுக்கு ரத்த அழுத்த மாத்திரை இரண்டரை மில்லிகிராம் கொடுப்பதற்குப் பதில் பத்து மில்லிகிராம் கொடுத்திருக்கிறேன். ஒரே கம்பெனி, ஒரே நிறப் பெட்டி. அவர் மூன்றாம் நாள் தலைசுற்றி மாடிப்படியில் விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டிருக்கிறார். இது நடந்து பத்தாம் நாள்தான் உனக்கு லீவு கிடைத்திருக்கிறது.

நெட்டை மாமா திரும்பி வந்ததும் அவன் வீட்டுக்கே போனேன். அவன் மறுக்கவில்லை. "உன்கிட்ட எப்படிடா சொல்றது? முப்பத்தி நாலு வருஷத்துல ஒரு தப்பு பண்ணாதவன். சொன்னா நொறுங்கிப் போயிடுவே. அதான் பாப்பாவுக்குப் போன் போட்டேன், அவ பக்குவமாச் சொல்லி உன்னை உட்கார வெக்கறேன்னா"ன்னு சொன்னான். பக்குவமாக. உன் அம்மாவிடம் கேட்டேன், அவளும் தெரியும் என்றாள், அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நீங்க உடைஞ்சு போயிடுவீங்களோன்னு பயந்துட்டேங்க" என்றாள். உடைவதா வேண்டாமா என்பதை நான்தான் முடிவு செய்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு ஒன்பது நாள் அவளோடு பேசவில்லை. மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம், அவள் முணுமுணுப்பதையும் நிறுத்திவிட்டாள். என் கூட்டாளி, என் மனைவி, என் மகள், மூன்று பேரும் என்னை நடுவில் வைத்து ஒரு வேலையை இத்தனை சுத்தமாக முடித்திருக்கிறீர்கள். கடையிலிருந்து என்னை அனுப்பியது எனக்குப் பெரிய குறையில்லை. தப்பு செய்தவன் கல்லாவுக்குப் பின்னால் நிற்கக் கூடாது, நெட்டை மாமா இதைச் செய்திருந்தால் நானே அவனை அனுப்பியிருப்பேன். ஆனால் அனுப்புகிறோம் என்று சொல்லி அனுப்பியிருப்பேன். நீங்கள் நாற்காலி வாங்கிப் போட்டீர்கள்.

இனி எழுதப்போவதுதான் எனக்குக் கஷ்டம். நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் காலையில் பூங்காவில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தேன். அந்தத் தையல்காரம்மா கையில் பட்டையோடு அந்தப் பக்கமாக வந்தார். வாடிக்கையாளர் என்று முகம் தெரியும், நான்தான் கூப்பிட்டேன். என்னம்மா கையில கட்டு என்று கேட்டேன், படியில விழுந்துட்டேன் என்றார். அதற்கு நான் சிரித்துக்கொண்டே, "அவசரப்பட்டு இறங்கியிருப்பீங்க. எதையும் நிதானமாச் செய்யணும்மா, என்னைப் பாருங்க"ன்னு சொன்னேன். என்னைப் பாருங்க என்று சொன்னேன். அவர் பார்த்தார். பார்த்துவிட்டு, நான் பேசிக்கொண்டிருக்கும்போதே திரும்பி நடந்துவிட்டார். மரியாதை தெரியாத பெண்பிள்ளை என்று வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் குறை சொன்னேன், அவள் எழுந்து உள்ளே போனாள். அன்றைக்காவது அவள் சொல்லியிருக்கலாம்.

பதினேழாம் தேதி அவர் வீட்டுக்குப் போனேன். மாடியில் ஒற்றை அறை, ஜன்னலோரம் தையல் மெஷின், தரையெல்லாம் துணித் துண்டு. என்னைப் பார்த்ததும் உட்காருங்க என்று சொல்லவில்லை. நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், போன வாரம்தான் எனக்குத் தெரியும் என்பதையும் சொன்னேன். அவர் நம்பவில்லை. "உங்க கூட்டாளி ஆஸ்பத்திரிக்கு வந்தாரே. நீங்க ரொம்ப மனசு ஒடிஞ்சு கெடக்கறீங்க, எழுந்து வர்ற நிலைமையில இல்லேன்னாரே. சரி, பாவம்னு நெனச்சேன். அப்புறம்தான் பூங்காவுல பார்த்தேன், எவ்வளவு ஒடிஞ்சு கெடக்கறீங்கன்னு" என்றார். என் பெயரைச் சொல்லி, எனக்குத் தெரியாமல், நான் படாத வருத்தத்தை நான் படுவதாக அவன் சொல்லி மன்னிப்புக் கேட்டிருக்கிறான். இதை உனக்குச் சொன்னானா என்று எனக்குத் தெரியாது. சொல்லியிருந்தால் எனக்கு எழுதாதே, தெரிந்துகொள்ள வேண்டாம்.

மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மணிக்கட்டு கூடிவிட்டது, ஆனால் கத்தரிக்கோலை அழுத்தி மூட முடியவில்லை, இடது கையால் வெட்டப் பழகுகிறார், துணி நழுவுகிறது. நான் போய்த் துணியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். இப்போது திங்களும் வியாழனும் போகிறேன், ஓரத்தைப் பிடிக்கிறேன், சுண்ணாம்புக் கோடு போடக்கூட ஒரு தடவை விட்டார், கோணலாகப் போட்டேன், அழித்துவிட்டார். "சார், சீக்கிரம் பிடிங்க, இப்படி அசையாம நின்னா இன்னிக்குள்ள ஒரு கை கூட வெட்ட முடியாது" என்று அதட்டுகிறார். எனக்கு அந்த அதட்டல் வேண்டியிருக்கிறது. அந்த அறையில் யாரும் என்னிடம் பக்குவமாகப் பேசுவதில்லை.

கோணல் கோட்டைப் பார்த்துவிட்டு அவர்தான் டாக்டர்கிட்ட கண்ணைக் காட்டுங்க என்றார். காட்டினேன். இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருக்கிறது, வலது கண்ணில் நன்றாகவே முற்றிவிட்டது. கண் டாக்டர் கேட்கிறார், பெட்டிமேல் இருக்கும் எண் கலங்கித் தெரிந்திருக்குமே, ஒரு வருஷமாக யாரும் கவனிக்கவில்லையா என்று. எண்ணைத் தப்பாகப் படித்தான் என்று கேள்விப்பட்ட மூன்று பேரில் ஒருவருக்குக்கூட இவன் கண்ணைப் பார்ப்போம் என்று தோன்றவில்லை, மனசைத்தான் பார்த்தீர்கள், அது உடைந்துவிடக் கூடாதே என்று. இந்தக் கண்ணோடு ஏழு மாதம் தெருவைக் கடந்திருக்கிறேன், பஸ் எண் படித்து ஏறியிருக்கிறேன். என்னிடம் சொல்லியிருந்தால் மறுநாளே டாக்டரிடம் போயிருப்பேன். உன்மேல் எனக்குள்ள கோபத்தில் பெரிய பங்கு இதுதான்.

நெட்டை மாமா இரண்டு தடவை வந்து, கண்ணைச் சரிபண்ணிக்கொண்டு கடைக்கு வந்துவிடு என்றான். வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் திட்டம் போட்டுக் கொடுத்த ஓய்வு எனக்கு வேண்டாம், ஆனால் காலையில் செய்தித்தாளை முழுக்கப் படிப்பதும், உன் அம்மாவோடு உட்கார்ந்து சாப்பிடுவதும் இனி நானாக எடுத்துக்கொள்வது. அம்மாவோடு பேச ஆரம்பித்துவிட்டேன், பத்தாம் நாள் உப்பு கேட்டேன், அவள் அழுதுவிட்டாள். நெட்டை மாமாவோடு இன்னும் இல்லை. உன்னோடு எப்போது என்று எனக்கே தெரியவில்லை. நீ கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்பது தெரியும், அது தெரிவதால் வலி குறையும் என்று நினைத்தேன், குறையவில்லை. என் பெண் என்னிடம் அன்பாகப் பேசினால் இனி இதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஒரு கணம் யோசிப்பேனே, அந்த ஒரு கணத்தை நீதான் எனக்குக் கொடுத்திருக்கிறாய்.

நீ செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அந்தத் தையல்காரம்மாவுக்கு உன் கைப்பட ஒரு கடிதம் எழுது. என் அப்பாவுக்குத் தெரியாது, நாங்கள்தான் மறைத்தோம் என்று எழுது. என்னைக் காப்பாற்றுவதற்காக எழுதாதே, பூங்காவில் பார்த்த நாளிலிருந்து அவர், எல்லாம் தெரிந்தே சிரித்தவன் என்று என்னை நொந்துகொண்டிருக்கிறார், அதற்காக எழுது. உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு, நின்றுகொண்டு சாப்பிடாதே. நீயும் மாப்பிள்ளையும் நீண்ட ஆயுளோடு, ஒருவருக்கொருவர் ஒளிக்காமல், நன்றாக இருக்க வேண்டும் என்று அப்பா மனசார ஆசீர்வதிக்கிறேன். வருகிற இருபத்திரண்டாம் தேதி வலது கண்ணுக்கு ஆபரேஷன், காலை பத்து மணிக்கு. அன்றைக்கு அம்மாவுக்குப் போன் போட்டு அப்பா எப்படி இருக்கார் என்று கேட்காதே. எனக்கே போன் போடு, என்னையே கேள். இப்போதே கேட்டாலும் சொல்வேன், எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. பார், சொல்லிவிட்டேன், உடைந்துபோய்விடவில்லை.

இப்படிக்கு,
கோபம் இன்னும் ஆறாத,
உன் அப்பா