சாராவிடம் யார் கேட்டது?

என் அருமை அக்கா,

நீங்கள் போய் அடுத்த மாதத்தோடு ஒரு வருடம். நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கோ சித்தி என்று உங்கள் மகள் கேட்டாள். அன்பின் உறைவிடம், பண்பின் சிகரம் என்று எழுதினால் நீங்களே எழும்பி வந்து என் காதைத் திருகுவீர்கள். அதனால் கடிதமாகவே எழுதுகிறேன். மற்றவர்களும் வாசிக்கட்டும்.

முதலில் வீட்டுச் செய்திகள். அத்தான் சுகமாக இருக்கிறார். சோற்றை அரைவாசியில் வைத்துவிட்டு எழும்பிவிடுகிறார், ஆனால் ஞாயிறு பூசைக்கு ஒருநாளும் பிந்துவதில்லை. பூசை முடிந்ததும் கோயில் ஹோலில் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கிற வேலையை அவரே எடுத்துக்கொண்டார். ஊரில் மறுபடியும் சண்டை தொடங்கிவிட்டது. ரேடியோவைப் போட்டால் அவர் எழும்பித் தோட்டத்துக்குப் போய்விடுகிறார்.

உங்கள் சனிக்கிழமை மறைக்கல்வி வகுப்பை இப்போது நான்தான் நடத்துகிறேன். சிரிக்காதீர்கள். வெம்பிளிக் கடையில் ரில்லில் காசு வாங்கிப் போடுகிறவளுக்கு வேதபாடமா என்று எனக்கே முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. பதினாறு பிள்ளைகள். பாதிப் பேருக்குத் தமிழ் வாயில் வராது, ஆனால் வாய் மட்டும் மூடாது.

போன மாதம் ஆபிரகாம் பாடம். வயது போன காலத்தில் பிறந்த மகன் ஈசாக்கை மலைக்குக் கொண்டுபோய்ப் பலி கொடு என்று கடவுள் கேட்ட கதை. நான் அதை எங்கள் தமிழில்தானே சொல்வேன்? "கடவுள் கேட்டார். ஆபிரகாம் ஓம் எண்டார்," என்று சொன்னேன். அவ்வளவுதான். அன்று பின்னேரமே போன் அடித்தது. பேசியவர் மலேசியாக்காரர், அவருடைய மகள் என் வகுப்பில் இருக்கிறாள்.

"டீச்சர், ஆபிரகாம் ஓம் சொன்னாருன்னு பிள்ளை வந்து சொல்லுது. வேதபாடத்துல மந்திரமா சொல்லிக் கொடுக்கறீங்க?"

"ஐயோ, அது மந்திரம் இல்லை. நாங்கள் யெஸ் எண்டதுக்கு அப்பிடித்தான் சொல்லுறனாங்கள்."

"அப்போ ஆமான்னு சொல்லவே மாட்டீங்களா?"

"ஓம்," என்றேன்.

மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் என்னோடு பேசுவதற்கு முன்னமே அவர் எங்கள் பங்குச் சபை மூப்பரிடம் முறையிட்டுவிட்டார். மூப்பரை உங்களுக்குத் தெரியும்தானே. ஒரு ஓமை விசாரிக்க வந்தவர், உங்கள் கேள்வி நேரத்தைக் கண்டுபிடித்துவிட்டார்.

உங்கள் வழக்கத்தை நான் மாற்றவில்லை, அக்கா. கதை முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, "இப்ப கேளுங்கோ" என்கிறேன். நீங்கள் முன்பு கேட்டதையெல்லாம் இந்தப் பிள்ளைகளும் தாங்களாகவே கேட்கிறார்கள். அது கடவுளின் குரல்தான் என்று ஆபிரகாமுக்கு எப்படித் தெரியும்? வேறு ஆட்களின் நகரம் ஒன்றை அழிக்கப்போகிறேன் என்று கடவுள் சொன்னபோது, ஐம்பது நல்லவர்கள் இருந்தால் விடுவீரா, பத்துப் பேர் இருந்தால் விடுவீரா என்று பேரம் பேசிய மனிதர், சொந்தப் பிள்ளைக்காக ஏன் வாய் திறக்கவில்லை? கடைசியில் அந்த மலேசியாக்காரரின் மகள் கையை உயர்த்தினாள். "ஆன்ரி, டிட் ஹீ ஆஸ்க் த மம்?" அம்மாவிடம் கேட்டாரா என்கிறாள்.

ஈசாக்கின் தாய் சாராவிடம் யார் கேட்டது என்று நீங்கள் அதே ஹோலில் கேட்டது நினைவுக்கு வந்தது. "வேதத்தில இல்லாததை ஏன் கிண்டுறீர்?" என்று மூப்பர் அன்றைக்கு உங்கள் மேல் பாய்ந்தார். உங்களுக்குப் பக்கத்தில் இருந்த நான் என்ன செய்தேன்? குனிந்து கைப்பைக்குள் எதையோ தேடினேன். தேட ஒன்றுமே இல்லை. எழும்பி ஒரு வார்த்தை சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. என்னை மன்னித்துவிடுங்கள்.

நீங்கள் ஏன் அதைக் கேட்டீர்கள் என்று இங்கே ஒருவருக்கும் தெரியாது. மன்னாரில் இயக்கம் சண்டைக்கு வீட்டுக்கு ஒரு பிள்ளை கேட்டு வந்த நாள் எனக்கும் அத்தானுக்கும்தான் தெரியும். உங்கள் மகன் அந்தோனிக்கு அப்போது பதினேழு வயது. அத்தான் வாசலில் வைத்தே ஓம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். நீங்கள் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தீர்கள். ஆபிரகாமின் கையைக் கடவுள் கடைசி நிமிடத்தில் தடுத்தார், பிள்ளைக்குப் பதிலாகப் புதருக்குள் ஓர் ஆடும் அகப்பட்டிருந்தது. எங்கள் அந்தோனிக்குப் பதிலாக எந்த ஆடும் அகப்படவில்லை. உடம்பு கூட வரவில்லை.

போன ஞாயிறு பூசைக்குப் பிறகு கூட்டம் வைத்தார்கள். கேள்வி நேரத்தை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் வகுப்பை வேறு ஆளிடம் கொடுக்க வேண்டும். இரண்டில் ஒன்று என்றார் மூப்பர்.

"கடவுள் கேட்டால் குடுக்கிறதுதான் விசுவாசம். அவரைக் கேள்வி கேக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை."

இந்த முறை எழும்பி நின்றேன், அக்கா.

"கேக்கக்கூடாது எண்டு கடவுள் சொன்னவரோ, நீங்கள் சொல்லுறியளோ?" என்றேன். "நான் விசுவாசத்தை விட்டவள் இல்லை. ஆனால் பிள்ளையைத் தா எண்டு கேக்கிற குரலெல்லாம் கடவுளின்ரை குரல் எண்டு இந்தப் பிள்ளையளுக்குச் சொல்லிக்குடுக்க என்னால ஏலாது."

"இது உம்மடை அக்காவின்ரை பிடிவாதம்," என்றார் மூப்பர்.

அப்போதுதான் பின்னால் தேத்தண்ணி மேசையடியிலிருந்து அத்தானின் குரல் கேட்டது.

"அவவை ஒண்டும் சொல்லாதேங்கோ. என்ரை வீட்டு வாசலிலயும் வந்து பிள்ளையைக் கேட்டவை. நான்தான் ஓம் எண்டனான். அவ குசினிக்குள்ளைதான் நிண்டவ. நான் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேக்கேல்லை."

மூப்பர் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பாதர்தான், "ஈஸ்டர் வரைக்கும் இப்பிடியே நடக்கட்டும், பிறகு பாப்பம்," என்றார்.

இந்தக் கடிதத்தை அச்சுக்குக் கொடுக்குமுன் அத்தானிடம் வாசித்துக் காட்டினேன். அவருடைய பகுதியை எடுத்துவிடவா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினார். பிறகு என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "ஜெசி, அவ கடவுளிட்டை இவ்வளவு கேள்வி கேட்டவ. இருந்த காலம் முழுக்க என்னட்டை ஏன் ஒரு கேள்வி கேக்கேல்லை?"

நீங்களே சொல்லுங்கள், அக்கா. அவரை வெட்கப்படுத்தக்கூடாது என்று இருந்தீர்களா? கேட்டால் அவர் உடைந்துவிடுவார் என்று பயந்தீர்களா? அல்லது மன்னிக்கவே இல்லையா? அவர் இதைச் சுமந்துகொண்டு திரிகிறார், நான் பார்க்கிறேன்.

ஈஸ்டருக்குப் பிறகு என்னை வரவேண்டாம் என்றால், வகுப்பை என் வீட்டு முன்னறையில் வைப்பேன். பதினாறு பிள்ளைகளும் நிலத்தில் இருக்கட்டும். அவர்கள் தேவாலயத்தை விட்டுப் போகவேண்டும் என்று நான் நினைக்கவில்லை, நானும் போகமாட்டேன். ஆனால் நாளைக்கு யாராவது ஒருவர் வந்து, எந்தப் பெரிய பெயரைச் சொல்லியாவது, உன்னையோ உன் பிள்ளையையோ தா என்று கேட்டால், அவர்கள் முதலில் திருப்பிக் கேட்கப் பழகியிருக்க வேண்டும். அதுவரைக்கும் நான் விடமாட்டேன். இது உங்களுக்கும் அந்தோனிக்கும் நான் தருகிற வாக்கு.

அன்றைக்கு வாய் மூடியிருந்த, இனி மூடாத
உங்கள் தங்கை
ஜெசிந்தா