தங்கச்சியின் முழங்காலும் சீனத்துச் சித்தரும்

14 ஒக்ரோபர், புதன். பிராங்பேர்ட்.

தங்கச்சி தன் முழங்கால் ஒப்பரேசனுக்கு ஆஸ்பத்திரியில் நாள் குறித்து எடுத்த டெர்மினை வேண்டாமென்று சொல்லிவிட்டாள். குற்றவாளி, ஈரேழு உலகத்திலும் பெரிய புளுகனான நான்தான். பழைய சாமான் சந்தையில் வாங்கிய சீனப் பொம்மையைக் கொடுத்து, "இவர் லீ. சாவில்லாத எட்டுச் சித்தரில் ஒருவர். இந்தச் சுரைக்குடுவை மருந்தால் நாற்பதாயிரம் பேரை எழுப்பினவர்" என்று அளந்திருந்தேன். அவள் அவரை முருகனுக்குப் பக்கத்தில் வைத்து விளக்குக் கொளுத்துகிறாள்.

பின்னேரம் போனில் உண்மையைச் சொன்னேன்.

"பிள்ளை, அவர் நொண்டி. கையிலை இருக்கிறது இரும்பு ஊன்றுகோல். தன்ரை காலையே சுகமாக்க ஏலாத மனுசன்."

"சும்மா புளுகாதேங்கோ அண்ணை! அது தண்டாயுதம்."

ஆயுளில் ஒருமுறை உண்மை பேசினேன், எடுபடவில்லை. நாளைக்கு நேரே போய், லீ என் கனவில் வந்து ஒப்பரேசனைச் செய்யச் சொன்னார் என்று சொல்லப்போகிறேன். அதை நம்புவாள்.