வீட்டுக்காரருக்கா என்று கேட்டார்கள்

மார்ச் 3, திங்கள்

காலையில் கை நடுங்கியது. மெழுகில் வைத்த கீழ்ப்பல் இரண்டு கோணிக்கொண்டன. பல் செட் செய்யும் வேலையில் பதினெட்டு வருடம். கண்ணை மூடிக்கொண்டே வைப்பேன் என்று பீற்றிக்கொண்டவள் நான். முதலாளி பார்த்துவிட்டு, "கண்ணாடி மாத்தணுமோ என்னவோ" என்றார். ஆமாம் என்றேன். கண்ணில் ஒரு கோளாறும் இல்லை.

செட் கொடுக்கப் போன கிளினிக்கில் சுவரில் ஒரு தாள். குடியை விட நினைப்பவர்கள் கூட்டம், செவ்வாய் மாலை ஐந்தரை, நூலக மாடி. யாரோ வந்தார்கள். பக்கத்தில் ஒட்டியிருந்த பூனைக்குட்டி விளம்பரத்தைப் படிப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டேன்.

மார்ச் 4, செவ்வாய்

போய்விட்டேன். மாடியில் எதிரெதிராக இரண்டு அறைகள். நடுவில் மேசை போட்டு ஒருவர், கழுத்தில் விசில், ஏதோ பள்ளியின் விளையாட்டு வாத்தியாராம். நான் வாயைத் திறப்பதற்குள், "வீட்டுக்காரருக்காம்மா? குடும்பத்துக்காரங்க கூட்டம் இடது பக்கம்" என்றார்.

தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்? "எனக்கு" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

இடது அறையில் ஆறு பெண்கள், ஒரு வயதான அப்பா, ஒரு தட்டு பிஸ்கட். ஓய்வுபெற்ற நர்சம்மா ஒருவர் நடத்துகிறார். "சொல்லணும்னா சொல்லுங்க, இல்லன்னா சும்மா உக்காருங்க." சும்மா உட்கார்ந்திருக்கலாம். வாய் கேட்டால்தானே! "அவர் காலையிலேயே ஆரம்பிச்சிடறார்" என்றேன்.

அவர்! இருமல் மருந்து மூடியைத் திறந்தாலே மூக்கைப் பொத்திக்கொள்ளும் மனிதர். வீட்டில் நூலகத்துக்குப் போனேன் என்று மட்டும் சொன்னேன். பொய் இல்லை. உண்மையும் இல்லை.

மார்ச் 6, வியாழன்

நேற்று தொடவே இல்லை. சாயங்காலம் வரை.

மார்ச் 11, செவ்வாய்

மறுபடியும் இடது பக்கமே போனேன். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். இடுப்பு வலி என்று சொல்லி வெந்நீர்ப் பையில் பிராந்தியை ஊற்றி வைப்பது, கிராம்பு மென்று வாசனையை மறைப்பது, மகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்வது. என்னுடையது அத்தனையும் "அவர்" என்று. நர்சம்மா கையைப் பிடித்துக்கொண்டு, "எப்படிம்மா தாங்கறீங்க?" என்றார்.

அவர் என்னை எப்படித் தாங்குகிறார்? இந்தக் கேள்வியை நான் ஒருநாளும் கேட்டதில்லை.

பிறகு ஒரு தையல்காரப் பெண் பேசினாள். "சாவி கையில இருக்கும். இருந்தாலும் மணி அடிச்சிட்டுத்தான் உள்ள போவேன். ஒளிச்சு வைக்க அவருக்கு நேரம் குடுக்கணும்ல. கண்ணால பாத்துட்டா கேட்டாகணுமே."

எங்கள் வீட்டிலும் அவரிடம் சாவி இருக்கிறது. தினமும் மணி அடிக்கிறார். பையில் சாவியைத் தேடச் சோம்பல் என்று இத்தனை வருடம் கேலி செய்திருக்கிறேன். தெரியுமா அவருக்கு? எப்போதிலிருந்து?

வந்த கையோடு குடித்தேன். மணி அடித்தது. ஒளித்தேன்.

மார்ச் 18, செவ்வாய்

மழை. கூட்டம் முடிந்து வெளியே வந்தால் என் வீட்டுக்காரர் படியேறி வருகிறார், இரண்டு குடைகளோடு. நான் தடுப்பதற்குள் நர்சம்மா பிடித்துக்கொண்டார். "நீங்கதானா அவரு? இந்தப் பொண்ண இப்படி வாட்டறீங்களே! உங்களுக்காகத்தான் எதிர் ரூம் திறந்தே கிடக்கு."

அவர் என்னைப் பார்த்தார். கதவில் 'குடும்பத்தார் கூட்டம்' என்று ஒட்டியிருந்த தாளைப் பார்த்தார். நான் படியைப் பார்த்தேன். ஏழு பேரும் அவரை முறைத்தார்கள்.

"சரிங்கம்மா. தப்புதான். அடுத்த வாரம் வர்றேன்" என்றார்.

வழியெல்லாம் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். வெட்கமா, கோபமா, என்ன இது? அவர்மேல் எனக்கு எதற்குக் கோபம் வர வேண்டும்? ஆனால் வந்தது.

மார்ச் 19, புதன்

ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். "ஏங்க ஒத்துக்கிட்டீங்க?" என்றேன்.

"அத்தன பேர் முன்னாடி உன்ன எப்படிம்மா விட்டுக்குடுக்கறது?"

"மணி எதுக்கு அடிக்கிறீங்க?"

பிரஷ் நின்றது. "பாத்துட்டா கேக்கணும். கேட்டா நீ கோச்சுக்கிட்டுப் போயிடுவியோன்னு..." முடிக்கவில்லை. மறுபடி ஷூவைத் தேய்த்துக்கொண்டே, "அந்தப் பை ஒருநாளும் சூடா இருந்ததில்லையே" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தேனா அழுதேனா, போ, எல்லாம் ஒன்றுதான்.

மார்ச் 25, செவ்வாய்

இருவருமாகப் போனோம். விசில்காரர் அவரை வலது பக்கமும் என்னை இடது பக்கமும் கை காட்டினார்.

"மாத்திச் சொல்றீங்க. வலது பக்கம் நான். எனக்குத்தான்."

நர்சம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். பாவம், யாரைத் திட்டுவது என்று அவருக்கும் புரிந்திருக்காது. பிறகு என் கணவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் வழக்கமாக உட்காரும் நாற்காலி.

வலது பக்கம் ஒன்பது ஆண்கள். அதே பிஸ்கட். என்ன பேசினேன் என்று நினைவில்லை. எதிர் அறையில் அவர் என்ன சொன்னார்? கேட்கத் தைரியம் வரவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

நேற்று குடித்தேன். நானே சொன்னேன். "சரி" என்றார். என்ன சரி?

ஏப்ரல் 16, புதன்

பதிமூன்று நாள். கீழ்ப்பல் வரிசை நேராக நின்றது. வலது அறையில் இருப்பவள்தான் நானா என்பது இன்னும் பிடிபடவில்லை.

சாயங்காலம் அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். மணி அடிக்கவில்லை. கதவில் சாவி திரும்பும் சத்தம் கேட்டது.