பெல்ட்டை மாற்றாமல் போன மத்தியானம்

அன்பு மச்சான் மாதேசா,

நீ போய் நாலு மாதம் ஆகிறது. நம் பட்டறை வாசலில் தக்காளி வண்டிகள் இன்னும் வழியை அடைத்துக்கொண்டுதான் நிற்கின்றன. திட்ட நீ இல்லாததால் அவர்களுக்குக் கொண்டாட்டம். உன் வீட்டுக்காரி கௌரி நன்றாக இருக்கிறாள் என்று எழுத ஆசை. அப்படி இல்லை. நானும் அப்படி இல்லை.

உன் சாவில் எனக்குப் பங்கு உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். மற்றவர்களும் படிப்பார்கள், அதனால் உனக்குத் தெரிந்ததையே திரும்பச் சொன்னால் பொறுத்துக்கொள். நீ தச்சு வேலை, நான் கிரில் வேலை, இருவருக்கும் ஒரே கொட்டகை.

எண்பத்து மூன்றில் பேண்ட் சா, அதுதான் மோட்டாரில் ஓடும் நாடா ரம்பம், வாங்கச் சேலம் போனோமே. கடைக்காரர் முதலில் காட்டியது மரத்துக்கு மட்டுமான பெரிய மெஷின். நீ அதைத் தடவிப் பார்த்த விதத்தில் எனக்கே பொறாமை வந்தது. "இது இரும்பு அறுக்குமாங்க?" என்று கேட்டாய். "இந்த வேகத்துல இரும்பைக் குடுத்தா பல்லெல்லாம் தீஞ்சுடுங்க" என்றார் அவர்.

நீ உடனே அடுத்ததற்கு நகர்ந்துவிட்டாய். அது சின்னது. ஆனால் புல்லிச் சக்கரத்தில் பெல்ட்டை மாற்றிப் போட்டால் வேகம் குறையும். மரத்துக்கு வேகமும் பெரிய பல்லும், இரும்புக்கு நிதானமும் பொடிப் பல்லும். "எங்க ரெண்டு பேருக்கும் இதுதாங்க சரி" என்றாய். பெரிய மெஷினைப் பற்றி அதற்குப் பிறகு நீ வாயே திறக்கவில்லை. ஆசை இல்லாமலா?

காலையில் நான் இரும்பு அறுப்பேன், சாப்பாட்டுக்குப் பிறகு நீ மரம் அறுப்பாய். "கொறஞ்சது மூணு பல்லாவது இரும்பு மேல நிக்கணும் மச்சான், இல்லாட்டி பல்லு பேந்துடும்" என்று இரும்புக்காரனான எனக்கே பாடம் எடுப்பாய். பொறி பட்டுவிடக் கூடாதென்று மரத்தூளைக் கூட்டுவது உன் வேலை. மோட்டாரைத் தூக்கிப் பிடித்து பெல்ட்டை மாற்றுவது என் வேலை. உனக்கு நெஞ்சு வலி வந்த பிறகு, "மோட்டாரத் தொட்டீன்னா கைய ஒடிச்சுடுவேன்" என்று மிரட்டியவனும் நான்தான்.

அன்றைக்கு என் அக்கா ரயிலில் பொம்மிடிக்கு வந்து இறங்குகிறாள் என்று அவசரம். கடைசி ஆங்கிள் இரும்பை அறுத்துப் போட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன். பெல்ட் மெதுவிலேயே கிடந்தது, பொடிப் பல் பிளேடும் அப்படியே. பஸ் கிளம்பிய பிறகு ஞாபகம் வந்தது. இறங்கவில்லை மச்சான். நான் வரும்வரை நீ சும்மா இருப்பாய் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த ரயிலும் ஒரு மணி நேரம் தாமதமாகத்தான் வந்தது.

திரும்பி வந்தபோது நீ இல்லை. நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததையும், கௌரி உன்னைக் காரில் தருமபுரிக்குக் கொண்டுபோனதையும், ஆஸ்பத்திரி வாசலிலேயே எல்லாம் முடிந்ததையும் டீக்கடைக்காரர் சொன்னார். பட்டறைக்குள் போய்ப் பார்த்தேன். ஒரு பலகை இரண்டு விரல் அளவு அறுபட்டுக் கருகிக் கிடந்தது. பெல்ட் வேகத்துக்கு மாறியிருந்தது; மோட்டாரை நீயே தூக்கியிருக்கிறாய். என் பிளேடைச் சுருட்டி ஆணியில் மாட்டியிருந்தாய். யாரோ ஒருவர் வீட்டுக் கதவுக்கு உனக்கு அவ்வளவு என்ன அவசரம்?

மாரடைப்பு எப்படியும் வந்திருக்கும் என்றார் டாக்டர். இருக்கலாம். கௌரியிடம் நான் எதுவும் சொல்லவில்லை. நாலு மாதமாக அவள் கையால் டீ வாங்கிக் குடித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். என்னைப் பார்க்க எனக்கே அருவருப்பாக இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை அதற்கு மேல் தாங்கவில்லை. உன் வீட்டுக்குப் போய் நின்றுகொண்டே சொன்னேன். "தங்கச்சி, அன்னைக்கு பெல்ட்ட மாத்தாம போயிட்டேம்மா. பஸ்ஸுல ஞாபகம் வந்தும் எறங்கல."

அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள்.

"தெரியுங்கண்ணா. கார்ல போறப்பவே சொன்னாருங்க. 'நான் மோட்டாரத் தூக்குனது தெரிஞ்சா காதர் செத்துருவான். அவன் வர்றதுக்குள்ள யாரயாச்சும் வெச்சு பெல்ட்ட பழையபடி மெதுவுல போடச் சொல்லு, பிளேடயும் மாட்டச் சொல்லு'ன்னாருங்க. அதுக்கு மேல பேசல. எனக்குத்தாங்க ஆள் அனுப்பத் தோணல."

மச்சான், மூச்சு விட முடியாமல் கிடந்தபோது உனக்கு அந்த நினைப்பா? நீ மோட்டாரைத் தொடவே இல்லை என்று என்னை நம்பவைத்து, என் தப்பை நானே பார்க்காதபடி மூடி வைக்கவா பார்த்தாய்?

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். கௌரியும் அழுதாள்.

நீ சொன்ன எதையும் நான் தட்டியதில்லை. இதை மட்டும் தட்டுகிறேன். மறைக்கச் சொன்னதை ஊர் படிக்க எழுதிவிட்டேன். இனி உன்னைப் பற்றி யார் கேட்டாலும், நான் செய்ததையும் நீ செய்யப் பார்த்ததையும் சேர்த்தே சொல்வேன். இது சத்தியம்.

கௌரிக்கு அண்ணன், உனக்கு மச்சான்,
காதர்
பாலக்கோடு