கடைசியில் இருக்க வேண்டிய வரி

அன்புள்ள தம்பிக்கு,

இணையத்திலிருந்து வேண்டாதது உள்ளே வராமல் காக்கும் நம் ஃபயர்வாலின் புதிய பதிப்பை, நான் படித்துப் பார்க்காமல் நீ வெளியிட்டது தவறு. நலம் விசாரிப்பதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் மழுப்புவாய்.

ஒருவர் எழுதியதை மற்றவர் படித்த பிறகே வெளியே விடுவது என்று ஆரம்பத்திலேயே பேசிக்கொண்டோம். நாம் இருவரும் கணினியைக் கல்லூரியில் படித்தவர்கள் இல்லை. சம்பளம் தருகிற கம்பெனியும் நமக்கு இல்லை. அப்படியிருந்தும் முகம் தெரியாதவர்கள் ஒரு பழைய கணினியில் நாம் இலவசமாகத் தரும் இந்த லினக்ஸ் ஃபயர்வாலை ஏற்றி, பள்ளிக்கும் நூலகத்துக்கும் காவலாக வைத்திருக்கிறார்கள் என்றால், அது இந்த ஒரு வழக்கத்தால்தான்.

பழைய விதிகளைப் புதிய அமைப்புக்கு மாற்றும் நிரலை நன்றாகவே எழுதியிருக்கிறாய், மறுக்கவில்லை. ஆனால் ‘மற்ற எல்லாவற்றையும் தடு’ என்கிற வரி கடைசியில் இருக்க வேண்டியது. உன் நிரல் அதைத் தூக்கி முதலில் உட்கார வைத்துவிட்டது. ஃபயர்வால் மேலிருந்து படித்து, முதலில் பொருந்துகிற விதியோடு நின்றுவிடும் என்பது உனக்குத் தெரியாததா? தன் பிழை தன் கண்ணில் படாது. அதற்குத்தான் இன்னொருவன்.

நம் தங்கை வேலை செய்யும் மருத்துவமனையிலும் நம் ஃபயர்வால்தான் காவல்; புதிய பதிப்பு ஏறியதும் அங்கே காலையிலிருந்து ஒரு பரிசோதனை முடிவும் வரவில்லை. நோயாளிகள் காத்திருக்க, எனக்குப் போன் செய்தாள். “காவலுக்கு ஆள் வெச்சா, அவன் வீட்டுக்காரனையே வெளிய நிறுத்திட்டான் பெரியண்ணே” என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இங்கிருந்தே சரிசெய்யலாமென்றால் அந்த வழியும் அடைபட்டிருந்தது. நேரில் போய், மூக்கு திரையில் இடிக்க, அந்த வரியைக் கீழே இறக்கி வைத்தேன்.

அப்போதுதான் அவள் வாய்தவறிச் சொன்னாள். “ஆபரேஷன் பண்ணியும் அண்ணனுக்குக் கண்ணு தெளியல, அவரைப் போட்டுப் படுத்த வேணாம்” என்றாயாம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? உன் அண்ணியும், “அவன் நல்லதுக்குத்தானே நினைச்சான்” என்று உனக்காகப் பரிந்து பேசுகிறாள். நல்லது நினைத்து ஒதுக்கினாலும் ஒதுக்கியது ஒதுக்கியதுதான்.

இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். அந்தப் பதிப்பை இன்றே நீ திரும்பப் பெற வேண்டும். மன்னிப்பையும் சரிசெய்யும் முறையையும் நம் பயனர்களின் இணைய மன்றத்தில் நீயே எழுது, அதில் என் உடம்பைப் பற்றி ஒரு சொல் வரக்கூடாது. மருத்துவமனையின் காவல் கணினியை நான் இன்னொரு முறை போய்ப் பார்க்கிறேன், தங்கை கூட்டிப் போவாள். எனக்குப் பெரிய திரை வாங்குவதை அண்ணி பார்த்துக்கொள்வாள். அது வரும்வரை, திருத்திய நிரலை நீ போனில் எனக்கு வரிவரியாக வாசிக்க வேண்டும். எங்கே பிழை என்று நான் சொல்வேன். நீ வேகமாக வாசிக்கிறவன், நிதானமாக வாசி.

உன் அண்ணன்